தளர்ந்தாரை நிலைநிறுத்தல்: மதுநோயர் மருத்துவம் நாடுதலும் அதில் நிலைத்தலும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு என்பதை இவ்வவையில் அமர்ந்துள்ள சிறுவரும் அறிவர். அவற்றுள் ஆறாவது, அறநெறியில் தளர்ந்தாரை நிலைநிறுத்தல். வடமொழி நூல்கள் இதனை ஸ்திதிகரணம் என்னும். இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் சிரேணிக மன்னரின் மைந்தராகிய வாரிசேண முனிவர். அவரோடு துறவு பூண்ட நண்பர் புட்பதாலர், பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தும் மனைவியின் நினைவை விட முடியாமல் தவித்தார். கோலம் துறவியினுடையது, உள்ளமோ ஊரில் இருந்தது. வாரிசேணர் அவரைப் பழிக்கவில்லை. சங்கத்தை விட்டு விலக்கவும் இல்லை. தம்முடன் நடத்தி அழைத்துச் சென்று, தாம் துறந்த அரண்மனைச் செல்வத்தையும் மனைவியரையும் அவர் கண்முன் காட்டி, அவர் தாமே தெளிந்து நெறியில் ஊன்றும்படி செய்தார். நிலைநிறுத்தல் என்னும் சொல்லின் முழுப்பொருளும் இக்கதையில் அடங்கியுள்ளது. விழுந்தவரை விலக்குவது எளிது. அவருடன் கூட நடப்பதுதான் அரிது.

இவ்வுரை அந்த ஆறாம் உறுப்பை, வழக்கமாக எவரும் கொண்டு செல்லாத ஓர் இடத்துக்குக் கொண்டு செல்கிறது. அவ்விடம் மதுவுக்கு அடிமையானவர் சிகிச்சை பெறும் மருத்துவமனைப் பிரிவு.

மது, ஊன், தேன் மூன்றையும் விலக்குவது இல்லறத்தாரின் முதற்படி. ஆகவே மதுநோய் பற்றிய பேச்சு பிறர் வீட்டுச் செய்தி என்று சமணக் குடும்பங்களில் எண்ணப்படுவது இயல்பே. ஆனால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடை வைத்திருப்போர், நெல் மண்டி நடத்துவோர், நிலம் உடையோர் எவரும் தம்மிடம் வேலை செய்பவர்களை நினைத்துப் பார்த்தால், திங்கட்கிழமை வராதவர் யார் என்பதை உடனே சொல்லிவிடுவர். இன்னும் ஒன்று உண்டு. அதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்ல வேண்டியுள்ளது. மது விலக்கிய மரபில் பிறந்த இளைஞன் ஒருவன் குடிக்கப் பழகிவிட்டால், வீட்டார் அதனை ஊரிடமிருந்து மட்டுமல்லாமல் மருத்துவரிடமிருந்தும் மறைக்கின்றனர். பிறர் குற்றம் மறைத்தல் என்னும் ஐந்தாம் உறுப்பு ஊர் வாய்க்கு அஞ்சி ஒருவரைக் காப்பதற்கு உரியது. மருத்துவரின் கண்ணிலிருந்து நோயை மறைப்பதற்கு அதனைத் துணைக்கு அழைப்பது நூலைத் தவறாகப் படிப்பதாகும்.

முதலில் அளவைக் காண்போம். மைய அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காக, புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சார்பு சிகிச்சை மையம் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019 இல் வெளிவந்தது. இந்தியாவில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர். அவர்களுள் மதுவைச் சார்ந்தே வாழும் நோய்நிலையை அடைந்தோர் ஏறத்தாழ 2.9 கோடி. அந்நிலையில் உள்ள 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவரோ 180 பேரில் ஒருவர். ஏனைய 37 பேரும் மருத்துவத்தை விரும்பாதவர்கள் என்று சொல்லிவிட முடியுமா? அவர்கள் நடக்கும் வழியைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் வாழும் கொத்தனார் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இவர் தனியொருவர் அல்லர். பலருக்கும் நேர்வனவற்றைச் சேர்த்து இவ்வுரைக்காக அமைக்கப்பட்டவர். காலையில் எழுந்ததும் இவர் கை நடுங்குகிறது. கரணையைப் பிடிக்க முடிவதில்லை. சிறிது குடித்தால் நடுக்கம் நிற்கிறது. நின்றபின் சுவர் நேராக எழுகிறது. அரசு மதுக்கடை 2016 முதல் பகல் 12 மணிக்கே திறக்கிறது. ஆதலால் காலை ஆறு மணிக்குத் தேவைப்படுவதைக் கூடுதல் விலை கொடுத்து ஒளிவு மறைவாக விற்பவரிடம் வாங்குகிறார். காண்போர் இதைக் கொழுப்பு என்கின்றனர். உண்மையில் இவர் அப்போது இன்பத்துக்காகக் குடிப்பவர் அல்லர். நடுக்கத்துக்கு மருந்தாகக் குடிப்பவர். மதுச்சார்பை ஒரு நோயாக உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் வைத்திருப்பதன் காரணம் இங்கே கண்கூடாகத் தெரிகிறது.

இவர் முதன்முதலில் மருத்துவமனைக்குச் செல்வது குடியை நிறுத்துவதற்காக அன்று. வயிற்று எரிச்சல், காலில் மதமதப்பு, சாரத்திலிருந்து தவறி விழுந்த அடி என்று ஏதேனும் ஒன்றுக்காகச் செல்கிறார். மருத்துவர் "குடிப்பதுண்டா?" என்று கேட்கிறார். "எப்போதாவது" என்கிறார். அருகில் நிற்கும் மனைவி வாய் திறப்பதில்லை. வெளிநோயாளர் வரிசை நீண்டிருக்கிறது; வயிற்றுக்கு மாத்திரை கிடைக்கிறது. சிகிச்சைக்கான முதல் வாயில் இவ்வாறு சத்தமின்றி மூடிக்கொள்கிறது. அந்தக் கேள்வியைக் குற்றவாளியிடம் கேட்பதுபோல் அல்லாமல் நோயாளியிடம் கேட்பதுபோல், இன்னும் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கேட்டிருந்தால் விடை மாறியிருக்கக் கூடும்.

அடுத்து வீட்டார் தம் வழியில் முயல்கின்றனர். கோயிலில் கயிறு கட்டுகின்றனர். பிள்ளையின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்குகின்றனர். மாலை அணிந்த 48 நாட்களும் குடிக்காதிருக்கிறார். மாலை கழற்றிய இரவே மீண்டும் தொடங்குகிறார். குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுத்துக் குடியை மறக்கச் செய்யும் பொடி என்று சுவர்களில் விளம்பரம் காணப்படுகிறது, அதையும் வாங்குகின்றனர். இதனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிராம் என்னும் மருந்து உண்டு. அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே கேடு நேரக்கூடும். நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து அது. சாம்பாரில் கலந்து கொடுக்கப்படும் பெயரில்லாப் பொடியில் என்ன உள்ளது என்பதை யார் அறிவார்? ஏமாற்றிக் கொடுப்பது உயிருக்கும் ஆபத்து, வாய்மைக்கும் மாறு.

சத்தியமும் சில வேளைகளில் ஆபத்தாகிறது. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் அறவே நிறுத்தினால், 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றுகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு முதல் நான்கு நாட்களில் சிலருக்கு மனக்குழப்பம் ஏற்பட்டு, சுவரில் இல்லாத பூச்சிகள் ஊர்வதாகவும் யாரோ தாக்க வருவதாகவும் அலறுவர். இந்தச் சன்னிநிலை கவனிக்கப்படாவிடில் உயிரைப் பறிக்கும். அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த முயன்ற வீடுகளில் இதைப் பேய் பிடித்ததாகக் கருதியதுண்டு. மருத்துவமனையிலோ குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்தை முதலில் போதிய அளவில் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, ஏழு அல்லது பத்து நாட்களில் நிறுத்திவிடுகின்றனர். வைட்டமின் பி1 ஊசியும் போடுகின்றனர். அது குறைந்தால் மூளை நிலையாகப் பாதிக்கப்படும்.

நோன்பின் இயல்பு அறிந்த சமுதாயத்துக்கு இது புதிதாகத் தோன்றலாகாது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், 57 நாள் நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு உள்ளது. அத்தகைய பெருநோன்பும் ஆசிரியர் இசைவோடு, உடலறிந்து, உணவைப் படிப்படியாகக் குறைத்து, உடனிருப்போர் துணையுடன் மேற்கொள்ளப்படுவது. அதன் நோக்கம் முற்றிலும் வேறு. ஆயினும் விரதம் என்பது வெறும் மன உறுதி மட்டும் என்று நம் நூல்கள் எங்கும் சொல்லவில்லை. நோன்பு கற்ற முன்னோருக்குத் தெரிந்திருந்த இந்தச் சிறு செய்தி, குடிப்பவனிடம் சத்தியம் வாங்கும் வேளையில் மட்டும் மறந்துபோகிறது.

இனிக் கொத்தனார் சிகிச்சைக்கு இசைந்துவிட்டார் எனக் கொள்க. செல்வது எங்கே? விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. திண்டிவனத்திலிருந்து புதுவை ஜிப்மருக்கும் செல்லலாம். புதுவைப் பாதையில் ஒரு வேடிக்கை உண்டு; நகைக்க முடியாத வேடிக்கை. கோரிமேட்டில் ஜிப்மருக்கு நோயாளியைக் கொண்டு செல்லும் அதே பேருந்துதான், விலை குறைந்த புதுவை மதுவை நாடிச் செல்வோரையும் ஏற்றிச் செல்கிறது. இறங்குமிடமும் ஏறத்தாழ ஒன்றே. சிகிச்சைக்குப் புறப்பட்டவர் மாலையில் எந்த நிலையில் திரும்புவார் என்பது, உடன் செல்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

உடன் செல்பவர் பெரும்பாலும் மனைவியே. அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். மருந்து இலவசம், படுக்கை இலவசம். ஆனால் கணவனின் கூலியும் போயிற்று, மனைவியின் கூலியும் போயிற்று. பிள்ளைகளைத் தாய்வீட்டில் விட வேண்டும். மகளிர் குழுக் கடனின் தவணை நாள் வருகிறது. நாள் ஒன்றுக்கு வீட்டுக்கு ஏற்படும் இழப்பை அவர்தான் விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாம் நாள் ஒன்று நிகழ்கிறது. இவ்வுரையில் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டெனில் அது இந்த ஐந்தாம் நாள். நடுக்கம் நின்றுவிடுகிறது. பசி எடுக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் இரவில் நன்றாக உறங்குகிறார். முகம் தெளிகிறது. "எனக்கு ஒன்றும் இல்லை. இனி நானே பார்த்துக்கொள்வேன். வீட்டுக்குப் போகலாம்" என்கிறார். மனைவிக்கும் அதுவே சரியெனத் தோன்றுகிறது. தவணை நாள் நெருங்குகிறதல்லவா? கையெழுத்திட்டு வெளியேறுகின்றனர். உடலிலிருந்து மதுவை நீக்குவது சிகிச்சையின் முன்வாயில் மட்டுமே என்பதை எவரும் அவர்களுக்கு விளங்கும்படி சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தாலும் நடுங்கிக்கொண்டிருந்த முதல் நாளில் சொல்லியிருப்பர். நல்ல உடல்நிலையே நோயாளியைச் சிகிச்சையிலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறது. காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்துகிற பழக்கம் இங்கும் வேலை செய்கிறது. ஆனால் குடிக்க வேண்டும் என்னும் தவிப்பு மாதக்கணக்கில் நீடிப்பது. அதைத் தணிக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் முதலிய மருந்துகளும், அதைவிட முக்கியமாக மீண்டும் மீண்டும் சந்தித்துப் பேசும் ஆலோசனையும் தேவை.

வீடு திரும்பியவருக்கு ஊரில் என்ன காத்திருக்கிறது? சாவு வீடு ஒன்று. கூலி கொடுக்கும் சனிக்கிழமை ஒன்று. "ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாயாமே?" என்று கேலி பேசும் நண்பர் நால்வர். திரைப்படங்களில் குடிப்பவர் சிரிக்க வைப்பவர். குடியை விட்டவருக்கு அங்கே வேடமே இல்லை. பத்திரமாக இருந்த மூன்று மாதம் எவர் கண்ணிலும் படுவதில்லை. நான்காம் மாதம் ஒருநாள் குடித்ததை மட்டும் ஊர் முழுதும் அறிகிறது. வீட்டார் "அத்தனையும் வீண்" என்கின்றனர். அவரும் அதையே நம்புகிறார். வெட்கத்தால் மருத்துவரிடம் திரும்பச் செல்வதில்லை. மதுநோயில் மீண்டும் சறுக்குவது பெரும்பாலோர்க்கு நேர்வது. நீரிழிவில் சர்க்கரை ஏறி இறங்குவது போன்றது. சர்க்கரை ஏறியவரை மருத்துவர் வீட்டுக்கு வராதே என்று எவரும் சொல்வதில்லை. மீண்டும் குடித்தவருக்கு மட்டும் முதல் சிகிச்சையைக் காட்டிலும் இரண்டாம் சிகிச்சையின் வாசற்படி உயரமாகிவிடுகிறது.

இத்தகைய சலிப்பு முற்றிய வீடுகளே தனியார் மறுவாழ்வு இல்லங்களின் தொலைபேசி எண்ணைத் தேடுகின்றன. நன்முறையில் நடப்பவை பல. ஆயினும் இரவில் வண்டியோடு ஆட்களை வரவழைத்து, உறங்குபவரைக் கட்டித் தூக்கிச் செல்லும் வழக்கமும் உண்டு. அவ்வாறு சென்று திரும்பியவர், சிகிச்சை என்னும் சொல்லைக் கேட்டாலே பின்னாளில் ஓடி ஒளிகிறார். உடனிருந்து காட்டிக்கொடுத்த தம்பியையோ மனைவியையோ மன்னிப்பதும் இல்லை. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுவால் நேரும் மனநிலைக் கோளாறுகளையும் தன்னுள் அடக்குகிறது. சங்கிலியால் கட்டுவதை அச்சட்டம் அறவே தடை செய்கிறது. தாமே விரும்பிச் சேர்ந்தவர் விடுவிக்கக் கேட்கும் உரிமையையும் தருகிறது. இல்லம் அரசிடம் பதிவு பெற்றதா, மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தார் பார்க்க அனுமதி உண்டா என்ற மூன்றையும் கேட்ட பின்னரே ஒருவரை அங்கே சேர்க்க வேண்டும். அடிப்பதால் குடி நிற்கும் என்று நம்புவோர் இன்றும் உள்ளனர். அகிம்சையைக் கொடியில் எழுதியுள்ள ஒரு சமுதாயத்தினர் அந்நம்பிக்கைக்குப் பணம் கட்டலாகாது.

மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இறந்தோர் 60 பேருக்கும் அதிகம். அந்நாட்களில் முண்டியம்பாக்கமும் ஜிப்மரும் நாடறிந்த பெயர்களாயின. இறந்தோர் எல்லாம் மறுநாள் வேலைக்குச் செல்ல வேண்டிய ஏழைத் தொழிலாளர், மீனவர். மதுவிலக்கு வேண்டுமா என்னும் வாதம் அப்போது வலுத்தது. அது தக்க வாதமே, அதற்குரிய மேடைகளும் உண்டு. ஆனால் அவ்வாதம் முடியும் வரை கை நடுங்குகிறவர் காத்திருக்க முடியாது.

செய்ய முடியும் என்பதற்குச் சான்று தமிழ்நாட்டிலேயே உள்ளது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையை நிறுவினார். தம் துயரை மூடி மறைத்து வாழ்ந்திருக்கலாம். அவர் அதையே பிறருக்குக் கதவாகத் திறந்தார். 1992 இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அந்நிறுவனம் 1980களின் இறுதியில் காவிரிப் பகுதியில் உள்ள மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் சிகிச்சை முகாம்களைத் தொடங்கியது. நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல் மருத்துவக் குழு ஊருக்குச் சென்றது. இடமும் உணவும் ஊராரால் தரப்பட்டன. குடும்பத்தாருக்கும் தனியே ஆலோசனை சொல்லப்பட்டது. முகாம் முடிந்த பின்னும் குழு திரும்பத் திரும்ப வந்து விசாரித்தது. சிகிச்சை பெற்றவரை ஊரே அறியும் என்பதால் வெட்கம் கூடுமென அஞ்சலாம். ஊரே சோறு போட்டு அனுப்பி வைத்தபின் வெட்கத்துக்கு இடமில்லாமல் போகிறது.

கோவா மாநிலத்தில் சங்காத் என்னும் அமைப்பு, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வரும் மிகைக் குடியரிடையே வேறொன்றைச் செய்து பார்த்தது. உளவியல் பட்டம் ஏதும் இல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி தந்து, சில அமர்வுகள் மட்டும் அவர்களைக் கொண்டு ஆலோசனை சொல்லச் செய்தது. அந்த ஆலோசனை பெற்றோரில் குடியை விட்டோரும் குறைத்தோரும் மற்றவரைவிட அதிகம் என்பதை லான்செட் மருத்துவ இதழ் 2017 இல் வெளியிட்டது. முற்றிய நோய்க்கு மருத்துவரே தேவை. ஆனால் முற்றுவதற்கு முன் பேசுவதற்கு, பயிற்சி பெற்ற அண்டை வீட்டார் போதும்.

ஓர் அறக்கட்டளைக்குக் கட்டடம் கட்டுவது எளிது, கல்வெட்டும் வைக்கலாம். இங்கே தேவைப்படுபவை கல்வெட்டு வைக்க முடியாத சிறு பணிகள். முண்டியம்பாக்கத்தில் துணைக்கு இருக்கும் பெண்ணுக்கு இருவேளை உணவு. அந்தப் பத்து நாள் கூலிக்கு ஈடாக ஒரு சிறு தொகை. அது கிடைத்தால் ஐந்தாம் நாள் வீடு திரும்ப வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை மருந்து வாங்கச் செல்ல உடன் ஓர் ஆள். போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணையும், மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணையும் கடைப்பலகைகளில் எழுதி வைக்கலாம். கடை முதலாளிகள் தம் பணியாளர் சிகிச்சைக்குச் சென்றால் வேலை காத்திருக்கும் என்று முன்னதாகவே சொல்லி வைப்பது இவை எல்லாவற்றிலும் பெரிது. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

அருவருப்பின்மை என்னும் மூன்றாம் உறுப்புக்கு உத்தாயன மன்னரைச் சொல்வர். நோயுற்ற முனிவர் கோலத்தில் வந்தவர் தம்மீது வாந்தி எடுத்தபோதும், மன்னரும் அரசியும் தாமே நீர் கொணர்ந்து கழுவினர். மதுநோயரின் மனைவியர் இதைப் பல ஆண்டுகளாக எவரும் அறியாமல் செய்து வருகின்றனர். அவர்கள் பெயரைச் சேர்க்க எந்த நூலும் இல்லை.

அந்தக் கொத்தனார் மூன்றாம் முறையாக முண்டியம்பாக்கம் வருகிறார் எனக் கொள்க. சட்டைப் பையில் மடித்து வைத்த பழைய சீட்டையே தயங்கித் தயங்கி நீட்டுகிறார். மருத்துவர் பழைய தேதிகளைப் பார்க்கிறார். கடிந்து எதுவும் சொல்லாமல், அதே தாளின் அடியில் புதிய தேதியை எழுதுகிறார். இம்முறை பெஞ்சில் பக்கத்தில் அமர்ந்திருப்பவர் மனைவி அல்லர். திண்டிவனத்தில் இவர் பூசிக்கொண்டிருந்த கடையின் உரிமையாளர். சுவர் இன்னும் பாதியில் நிற்கிறது.